ஏழு மாதம் நின்ற கல்

விருத்தாம்பாளின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஒரு செங்கல் வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் சைட்டில் ஒன்பதாவது தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள், ஏழாவது தளத்தில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, தண்ணீர் லாரி வழக்கம்போல வரவில்லை, நான் ஸ்டோர் ரூமில் சிமெண்ட் மூட்டைக்கு அடியில் புகுந்துகொண்ட ஒரு பெருச்சாளியைக் கம்பால் குத்திக்கொண்டிருந்தேன். எல்லா நாளையும் போல அதுவும் ஒரு நாள். நாளும் கிழமையும் பார்த்து ஒன்றும் அது வரவில்லை.

கேளம்பாக்கம் தாண்டி உப்பளத்தைப் பார்த்தபடி எழும்பிய பதினொரு மாடிக் குடியிருப்பு அது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பெயர் புருஷோத்தமன், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் நான் ஸ்டோர் சார். ஆணி, கம்பி, மண்வெட்டி, கயிறு, ரசமட்டம், எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும், சாவி என் இடுப்பில் இருந்தது. அந்தச் சாவியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விருத்தாம்பாளும் கொளஞ்சியும் சித்தாள்கள். இருவரும் விருத்தாசலம் பக்கம், ஒரே ஊர், சைட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து அறை. சித்தாள் வேலைக்கு ஜோடி வேண்டும், நிறைந்த கலவைச் சட்டியை யாரும் தானே தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, ஒருத்தி குனிந்து நிற்க இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். அன்றைக்கு விருத்தாம்பாள் பழந்துணியை வளையமாகச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு நின்றாள், சட்டியைத் தூக்கிய கொளஞ்சி தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

"என்னாடி?"

"அக்கா, ஆடாத. தலைக்கு மேல கல்லு."

"விழுதா?"

"வுழுந்துச்சு. இப்ப நிக்குது."

விருத்தாம்பாள் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தாள். ஏழாவது தளத்திலிருந்து நழுவிய முழுச் செங்கல், சூளைக்காரனின் முத்திரை அடிப்பக்கம் தெரிய, அவள் தலைக்கு மேலே காற்றில் நின்றது. அவள் ஒரு அடி நகர்ந்தாள், கல்லும் ஒரு அடி நகர்ந்தது. உட்கார்ந்தாள், கல்லும் இறங்கியது. எழுந்தாள், அதுவும் எழுந்தது. "சரி, கலவை காயுது, சட்டியத் தூக்கு" என்றாள். சட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் இடம் தாராளமாக இருந்தது, அவள் போய்க் கலவையைக் கொட்டிவிட்டு வந்தாள்.

முதல் நாள் வேலை நின்றது, இரண்டாம் நாள் அரைகுறையாக நடந்தது, மூன்றாம் நாள் மேஸ்திரி தணிகாசலம் எல்லாரையும் திட்டி வேலைக்கு அனுப்பினார், நான்காம் நாள் யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை. தணிகாசலம் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கல்லின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. "முப்பது வருஷமா கட்றேன், இப்டி ஒரு கல்ல நான் வெச்சதே இல்ல சார்" என்று என்னிடம் வந்து சொன்னார், அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. கொத்தனார்கள் எல்லாம் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து வந்து பார்த்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் கல் ஆட்டோவின் கூரைக்கு மேலே கூடவே வந்தது, டிரைவர் தன் வண்டி கீறாமல் இருக்க அவளை நடுவில் உட்காரச் சொன்னான். ரேஷன் கடையில் வரிசையில் நின்றபோது அவளுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆள் இடம் விட்டார்கள், அப்புறம் பழகிப்போய் இடித்துக்கொண்டே நின்றார்கள். காக்கை ஒன்று தினமும் பதினொரு மணிக்கு வந்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை யாரோ அதற்கு மஞ்சள் தடவினார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்தார்கள், அதற்கு அடுத்ததில் எலுமிச்சம்பழம் கட்ட நூல் கேட்டு என்னிடம் வந்தார்கள், நானும் தூக்குக்குண்டுக்கு வைத்திருந்த நல்ல நூலில் ஒரு பாகம் அறுத்துக் கொடுத்தேன். இதற்கெல்லாம் நான் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்குப் பார்த்தது ஹெல்மெட்டுக்கு மட்டும்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். என் ஸ்டோரில் கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டுகள் மஞ்சளில் நாற்பதும் வெள்ளையில் ஆறும் இருந்தன, எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மாதிரி இருக்கும், ஆனால் பிரித்துத்தான் மறுபடி போட்டது. கம்பெனி பெரியவர்கள் சைட்டைப் பார்க்க விசிட் வருகிற அன்று காலையில் கொத்தனாருக்கும் கம்பிக்காரருக்கும் எடுத்துக் கொடுப்பேன், விசிட் முடிந்ததும் திரும்ப வாங்கி, வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, உறையில் போட்டு, அலமாரியில் அடுக்குவேன். மூன்று வருஷமாகியும் ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. பொருளைக் கெடாமல் வைத்திருப்பவன்தான் நல்ல ஸ்டோர்காரன் என்று நான் நினைத்திருந்தேன், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சித்தாள்களுக்கு அந்த நாற்பதில் பங்கு கிடையாது. அவர்கள் தலையில் சும்மாடும் சட்டியும் இருக்கின்றன, ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பது நியாயமான கேள்விபோல எல்லாருக்கும் பட்டது. அதனால் விசிட் அன்று அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்காரச் சொல்லிவிடுவோம். அவர்களும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அரை நாள் திருவிழாவாக உட்கார்ந்திருப்பார்கள்.

கல் வந்து நின்ற இரண்டாம் மாதம் விருத்தாம்பாள் ஸ்டோருக்கு வந்தாள். வாசலில் குனிந்தாள், பின்னாலேயே கல்லும் குனிந்து வந்தது. கொளஞ்சியும் கூட வந்திருந்தாள்.

"சார், டேப்பு இருந்தா கொஞ்சம் அளந்து பாருங்க."

"எதை?"

"கல்லத்தான். மொழம் இருந்துச்சு. இப்ப கம்மியாத் தெரியுது. தூக்கறப்ப சட்டிக்குக் கிட்ட வருது."

அளந்தேன். பதினெட்டு அங்குலம் இருந்தது பதினைந்தாகியிருந்தது. நான் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டேன், ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை, அளந்ததைக் குறிப்பது கைப்பழக்கம்.

"எறங்குது இல்ல?" என்றாள் விருத்தாம்பாள்.

"மெதுவாத்தாம்மா எறங்குது."

"மெதுவோ வேகமோ, எறங்குதில்ல. ரெண்டு எல்மெட்டு குடுங்க சார். எனக்கொண்ணு, இவளுக்கொண்ணு."

"எனக்கு வேணாங்க்கா" என்றாள் கொளஞ்சி. "கனகாம்பரம் நசுங்கிடும்." சொல்லிக்கொண்டே ஒரு ஹெல்மெட்டை எடுத்து உறையோடு தலையில் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்து, "இன்ஜினியரம்மா வந்துருக்கேன், எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று என்னைப் பார்த்து அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எந்த இடத்திலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நான் சைட் இன்ஜினியர் நவநீதனிடம் போய்க் கேட்டேன். நல்ல பையன்தான், முப்பது வயதிருக்கும், எப்போதும் இரண்டு போன் பேசுவான். "சித்தாளுக்கு லிஸ்ட்லயே இல்லயே சார்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "அதுவும் அந்தம்மாவுக்கு எதுக்கு? அவங்களுக்குத்தான் கல்லே காவலுக்கு நிக்குதே" என்றான்.

இந்தப் பேச்சுதான் எங்கள் சைட்டில் நெருப்பு மாதிரி பரவியது. விழ வந்த கல்லை நாங்கள் காவல் கல் ஆக்கிவிட்டோம். அது விழாமல் நிற்கிறது என்பதை எல்லாரும் பார்த்தோம், அது விழுவதற்காக வந்தது என்பதை மறந்துவிட்டோம். இந்த இடத்தில் எது விழுந்தாலும் நிற்கும் என்று முதலில் விளையாட்டாகச் சொன்னார்கள், அப்புறம் விளையாட்டில்லாமல் சொன்னார்கள். ஆறாவது தளத்தில் கட்டியிருந்த வலை கிழிந்தது, புது வலை கேட்டு யாரும் என்னிடம் வரவில்லை. சொந்தமாக ஹெல்மெட் வைத்திருந்த இரண்டு கம்பிக்காரர்கள் அதில் தக்காளி வாங்கி வர ஆரம்பித்தார்கள். கீழே இருந்து பூசுகிற கரணையைக் கேட்டால் மேலே இருப்பவர்கள் இறங்கிவந்து கொடுத்த காலம் போய், தூக்கிப் போட்டார்கள், கீழே இருப்பவன் பிடித்தான், பிடிக்காவிட்டாலும் அது யார் தலையிலும் படவில்லை, அதுவும் அந்தக் கல்லின் மகிமையில் சேர்ந்தது.

விருத்தாம்பாள் மட்டும் அதை ஒரு நாளும் கும்பிடவில்லை. கொட்டகைப் பெண்கள் கும்பிடும்போது அவள்தான் கல்லுக்கு அடியில் நிற்க வேண்டும், அதனால் கும்பிடு அவளுக்கும் விழும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். கழுத்து வலி என்று தினமும் தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒருமுறை நானே கேட்டேன், பயமாக இருக்கிறதா என்று. "பயந்தா ஒரு நாளு பயப்படலாம் சார், தெனமுமா பயப்பட முடியும்?" என்றாள். பிறகு டேப்பை எடுங்கள் என்றாள். ஒன்பது அங்குலம், சரியாக ஒரு சாண்.

அன்றைக்கு அவள் ஒரு யோசனையோடு வந்திருந்தாள். ஹெல்மெட் உருண்டையாக இருப்பதால்தான் அதன் மேல் சும்மாடு வழுக்குகிறது, பழைய சைக்கிள் டியூபை வளையமாகச் சுருட்டி உச்சியில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் நிற்கும், சட்டியும் உட்காரும். டியூபைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எனக்கு அன்று மனசு இளகியிருந்தது. ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் கட்டினாள், மாட்டினாள், கொளஞ்சி கல் இடிக்காமல் சட்டியைப் பக்கவாட்டில் ஏற்றிவிட்டாள், ஏழாவது தளம் வரைக்கும் ஏறிப்போய்க் கலவை கொட்டிவிட்டு வந்தாள். முழுக்க ஒரு நாள் அப்படி வேலை செய்தாள். அன்று கல் இறங்கவில்லை, இதையும் நான் மறைக்கக் கூடாது. மறுநாள் காலையில் அளந்தபோது அதே ஒரு சாண் இருந்தது.

ஆனால் ஹெல்மெட்டின் உச்சியில் டியூப் உராய்ந்து ஒரு கீறல் விழுந்திருந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். மூன்று வருஷம் கண்ணாகப் பார்த்துக்கொண்ட பொருள். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, விசிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டேன். அவள் டியூபை அவிழ்த்தாள், முந்தானையால் ஹெல்மெட்டைத் துடைத்தாள், என் மேஜை மேல் வைத்தாள்.

"விசிட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

"எனக்கில்லன்னாலும் கொளஞ்சிக்காச்சும் குடுங்க சார். கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு எங்க இருக்குன்னு தெரியாது."

"பார்க்கலாம்மா" என்றேன் மறுபடியும். நான் பார்க்கவில்லை. விசிட் வந்தது, போனது, அடுத்த விசிட் வந்தது, போனது, நான் துடைத்தேன், அடுக்கினேன், சுவரில் பென்சில் கோடு மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சட்டியை நிரப்பினால் கல் இடிக்கிறது என்று விருத்தாம்பாள் அரைச் சட்டி தூக்கினாள், அரைச் சட்டி தூக்கியதற்கு மேஸ்திரி திட்டினார், பிறகு அவளைத் தலையில் தூக்கும் வேலையிலிருந்து மாற்றிக் செங்கல் அடுக்குகளுக்குத் தண்ணீர் ஊற்ற விட்டார். கொளஞ்சி வேறு ஜோடி பிடித்துக்கொண்டாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஓடிவந்து அக்காவோடு உட்கார்ந்தாள்.

ஏழாம் மாதம், தை பிறந்து பத்து நாள், பெரிய விசிட். வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நவநீதன் இரண்டு போனிலும் ஒரே சமயத்தில் பேசினான். நான் நாற்பது மஞ்சளையும் ஆறு வெள்ளையையும் எடுத்துக் கொடுத்தேன், நானும் அதில் ஒன்றை மாட்டிக்கொண்டேன். சித்தாள்கள் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். காலையில் அளந்தபோது இரண்டு விரற்கடைதான் இருந்தது. கொட்டகைப் பெண்கள் அன்றைக்குக் கடலை உரிக்கவில்லை, விருத்தாம்பாளைச் சுற்றி உட்கார்ந்து அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை என்று அப்புறம் சொன்னார்கள்.

வந்தவர்கள் பார்த்தார்கள், ஹெல்மெட்டுகள் புதுசு போல இருப்பதைப் பாராட்டினார்கள், இளநீர் குடித்தார்கள், கிளம்பினார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டவும் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. ஓடினேன். கல் இறங்கியிருந்தது. ஆனால் விழவில்லை, சுமை இறக்கிவைக்கிற மாதிரி, கடைசி இரண்டு விரற்கடையையும் மெல்ல இறங்கி, விருத்தாம்பாளின் தலை மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு செங்கல்லின் கனம், அவ்வளவுதான். கொளஞ்சி அதை இரண்டு கையாலும் எடுத்தாள். விருத்தாம்பாள் ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்த்தாள், வாய்விட்டு அழுதாள்.

அதன் பிறகு நடந்ததற்கு நாங்கள் எல்லாரும் பொறுப்பு. அந்தக் கல்லை வாசல் தூணில் வைத்துக் கட்டிவிட வேண்டும் என்று தணிகாசலம் சொன்னார், அப்போதே வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். குங்குமமும் மஞ்சளுமாக இருந்த கல்லைக் கொளஞ்சி தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், பெண்கள் பின்னால் நடந்தார்கள், ஆண்கள் கைதட்டினார்கள், மேல் தளங்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்று விளிம்புக்கு ஓடிவந்தார்கள். எட்டாவது தளத்தில் விளிம்போரம் அடுக்கியிருந்த கல்லில் யாருடைய காலோ பட்டது.

அதில் ஒன்று கீழே வருவதை நாங்கள் பார்த்தோம். அதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. பார்க்காமல் இல்லை, எல்லாரும் பார்த்தோம், மேஸ்திரி பார்த்தார், நவநீதன் பார்த்தான், நான் பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஒரு கத்தல் கேட்டிருந்தால் கொளஞ்சி ஒரு எட்டு விலகியிருப்பாள். கத்த வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, நின்றுவிடும் என்று இருந்தோம், எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்று பார்க்க முகத்தில் சிரிப்போடு நின்றோம். விருத்தாம்பாள் ஒருத்திதான் "கொளஞ்சி" என்று கத்தினாள், அவள் வெகு பின்னால் இருந்தாள்.

கல் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் நான் விசிட் முடிந்த கையோடு ஹெல்மெட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். என் தலையில் ஒன்று இருந்தது, என் இரண்டு கையிலும் பதினொன்று இருந்தது. கொளஞ்சிக்கும் எனக்கும் நடுவில் ஆறு அடிகூட இல்லை.

போலீஸ் வந்தது, கம்பெனி ஆட்கள் வந்தார்கள், விருத்தாசலத்திலிருந்து கொளஞ்சியின் அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு வந்து உடம்பை வாங்கிப்போனார். வேலை நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் நான் ஸ்டோரைத் திறந்து, நாற்பது ஹெல்மெட்டையும் வெளியே எடுத்து வைத்து, உறைகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் வாங்கிவந்து, விருத்தாம்பாள் கட்டின மாதிரியே ஒவ்வொன்றிலும் வளையம் வைத்துக் கட்டி, முதலில் சித்தாள்களைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். லிஸ்ட் பற்றி நவநீதன் ஒன்றும் சொல்லவில்லை, அவன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. இவ்வளவு எளிதான வேலை அது. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது.

ஊரில் கொளஞ்சிக்குக் காரியம் முடிந்து விருத்தாம்பாள் பதினேழாம் நாள் திரும்பி வந்தாள். ஊரிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன், வந்துவிட்டாள். ஸ்டோர் வாசலில் வந்து நின்றபோது பழக்கத்தில் குனிந்தாள், பிறகு குனிய வேண்டியதில்லை என்று நினைவு வந்து நிமிர்ந்தாள். நான் ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது, பதினேழு நாளாக நெஞ்சில் கிடந்ததைத்தான் பேசினேன்.

"உங்களுக்காக ஏழு மாசம் நின்ன கல்லு, அந்தப் பொண்ணுக்காக ஒரு நிமிஷம் நிக்கலியேம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

விருத்தாம்பாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"எனக்காவ எங்க சார் நின்னுச்சு?" என்றாள். "நீங்க எடுத்துக் குடுப்பீங்கன்னு, ஒங்களுக்காவத்தான் அது நின்னு நின்னு பாத்துச்சு."

தாடைக்கு அடியில் பட்டையை மாட்டிக்கொண்டு, சட்டியைத் தூக்கிவிட யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தபடி வெளியே போனாள்.